பனியன் கம்பெனி வேலைக்குக் குடும்பத்தோடு திருப்பூர் வரலாமா?

பரமக்குடி பக்கத்துக் கிராமம், மிளகாய் விவசாயம் கைகொடுக்கவில்லை, வயது முப்பத்து மூன்று, தையல் தெரியாது. மனைவிக்கு வீட்டு மெஷினில் ரவிக்கை தைத்த பழக்கம் உண்டு. பிள்ளைகள் இரண்டு பேர், ஒன்று ஆறாம் வகுப்பு, ஒன்று இரண்டாம் வகுப்பு. அம்மா கூடவே இருக்கிறார். கையில் நாற்பதாயிரம். திருப்பூரில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் "எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா, வேலைக்குப் பஞ்சமே இல்லை" என்கிறார். மொத்தமாகக் கிளம்பிவிடலாமா, என்ன வேலைக்குப் போவது, வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் தெற்கிலிருந்து வந்தவன்தான். தைத்த பீஸில் குறை பார்க்கும் செக்கிங்கில் ஆரம்பித்து, லைன் (தையல் மெஷின் வரிசை) சூப்பர்வைசராக இருந்து, இப்போது ஒரு ஏற்றுமதி கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். தினமும் காலையில் பையும் கையுமாக வந்து நிற்பவர்களைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் ஊர்க்காரர் சொன்னது பொய் இல்லை. திருப்பூரில் வேலை தேடி அலைய வேண்டியதில்லை, வேலைதான் ஆளைத் தேடுகிறது. ஆனால் கிளம்பி வருகிறவர்களில் நிறைய பேர் ஒரு வருஷத்துக்குள் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். வேலை போனதால் திரும்புகிறவர்கள் அதில் குறைவு. பிள்ளைகளை யார் பார்ப்பது, தண்ணீர் எங்கே பிடிப்பது, வாரச் சம்பளம் ஏன் வாரம் முடியும் முன்னே கரைகிறது என்று வீட்டுப் பக்கம் வரும் சிக்கல்களில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். அதனால் வேலையைப் பற்றிச் சொல்வதற்குச் சமமாக மற்றதையும் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும். முதல் ஆறு மாதத்துக்கு உங்களைவிட உங்கள் மனைவிக்குத்தான் சம்பளம் கூடுதலாக இருக்கும். அதற்கு இப்போதே மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். ரவிக்கை தைத்த கைக்கு இங்கே மதிப்பு இருக்கிறது. தையல் தெரியாத ஆண் முதலில் ஹெல்பர்தான். மனைவி டெய்லர், புருஷன் ஹெல்பர் என்று ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் ஜோடிகள் ஏராளம். இதைத் தாங்காமல் மனைவியை வேலையை விட்டு நிறுத்தி, தானும் நிலைக்காமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வீட்டு மெஷினுக்கும் கம்பெனி மெஷினுக்கும் வித்தியாசம் நிறைய. கம்பெனியில் இருப்பது பவர் டேபிள், அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மெஷின். பெடலில் கால் நுனி பட்டாலே ஊசி பாய்ந்து ஓடும். முதல் வாரம் எல்லோருக்குமே தையல் கோணல்மாணலாகத்தான் போகும். துணியும் வேறு. ரவிக்கைத் துணி இழுத்தால் இழுபடாது, பனியன் துணி இழுபடும். பழக்கத்தில் துணியை இழுத்துப் பிடித்துத் தைத்தால் தையல் முழுக்க அலை அலையாக நிற்கும். துணியை மெஷின்தான் இழுத்துக்கொள்ள வேண்டும், கை வழி காட்டினால் போதும். இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மற்றது வேகம்தான்.

ஒரு டி-ஷர்ட்டை ஒரே ஆள் தைப்பதில்லை. ஒருவர் தோள்பட்டையை இணைப்பார், அடுத்தவர் கழுத்துக்கு ரிப் வைப்பார், அடுத்து கை ஏற்றுவது, அடுத்து பக்கவாட்டு, கடைசியில் கீழ்மடிப்பு. இணைப்பு வேலைகள் ஓவர்லாக்கில் நடக்கும். அது தைக்கும்போதே ஓரத்துத் துணியைக் கத்தியால் சீவித் தள்ளிவிடும். கீழ்மடிப்பும் கை மடிப்பும் ஃபிளாட்லாக்கில். பட்டி, பாக்கெட், லேபிள் எல்லாம் பவர் டேபிளில். உங்கள் மனைவி பவர் டேபிளில் ஆரம்பித்து, மெஷின் காலியாகும் நேரத்தில் ஓவர்லாக்கும் பழகட்டும். இரண்டு மெஷின் தெரிந்த டெய்லரை எந்தக் கம்பெனியும் சும்மா விடாது. சில பெரிய கம்பெனிகளில் பயிற்சிக்கென்றே தனி லைன் இருக்கும், பழகும் காலத்தில் குறைந்த சம்பளம் தருவார்கள். தெருக்களில் பணம் வாங்கிக்கொண்டு பவர் டேபிள் பழக்கித் தரும் இடங்களும் உண்டு. என்னைக் கேட்டால், சம்பளத்தோடு பழக்கும் இடம் இருக்கும்போது காசு கொடுத்துப் பழக வேண்டாம்.

இனி உங்களுக்கு. ஹெல்பர் என்றால் கட்டுக் கட்டாகத் துணி எடுத்து வைப்பது, பீஸ் அடுக்குவது, பிசிறு வெட்டுவது, டெய்லருக்குக் கை உதவி. ஹெல்பராகச் சேருவதில் தப்பில்லை, வருஷக் கணக்கில் ஹெல்பராகவே இருப்பதுதான் தப்பு. சேரும் அன்றே எந்தப் பக்கம் ஏறுவது என்று முடிவு பண்ணுங்கள். கட்டிங் பிரிவு நல்லது. துணியை அடுக்கடுக்காக விரித்து, பேட்டர்ன் வைத்து, மெஷினால் வெட்டும் வேலை. கட்டிங் மாஸ்டருக்குத் தனி மரியாதை உண்டு. ஒரு சென்டிமீட்டர் தப்பினால் ஒரு அடுக்கே வீண் என்பதால் அவசரக்காரருக்கு அது ஆகாது. நிட்டிங், அதாவது நூலைத் துணியாகப் பின்னும் மெஷின் ஓட்டுவது, பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பாதி நாள் இரவில். ஊசி ஒன்று உடைந்தால் துணியில் நெடுகக் கோடு விழும். அதைக் கவனிக்காமல் விட்டால் ரோல் முழுக்கக் கோடுதான். கண் கூர்மையும் பொறுமையும் இருந்தால் நல்ல வேலை. அயர்னிங்கில் பீஸ் கணக்குக்குக் கூலி நன்றாக வரும், ஆனால் நாள் முழுக்க நீராவிக்கு முன்னால் நிற்க வேண்டும். சாயப்பட்டறையில் தங்குமிடத்தோடு வேலை சுலபமாகக் கிடைக்கும். குடும்பஸ்தருக்கு அதை நான் சொல்லமாட்டேன். ஈரம், கெமிக்கல், இரவு வேலை மூன்றும் சேர்ந்து வரும்.

முப்பத்து மூன்று வயதில் மெஷினில் உட்காரக் கூச்சமாக இருக்கிறதா என்று கேட்கவில்லை நீங்கள். ஆனால் பல பேருக்கு அது இருக்கிறது. இங்கே ஓவர்லாக், ஃபிளாட்லாக் டெய்லர்களில் ஆண்கள் எத்தனையோ பேர். கூச்சப்பட எதுவுமில்லை.

வேலை கேட்கும் முறை எளிது. கம்பெனி வாசல்களில் போர்டு தொங்கும்: பவர் டேபிள் டெய்லர், ஓவர்லாக் டெய்லர், செக்கிங், பேக்கிங், ஹெல்பர் தேவை என்று எழுதியிருப்பார்கள். திங்கட்கிழமை காலை எட்டு, எட்டேகாலுக்கு அப்படி ஒரு வாசலில் நின்றால் அன்றைக்கே மெஷினில் உட்கார வைத்துப் பார்ப்பார்கள். ஆதார், பேங்க் பாஸ்புக், போட்டோ கையில் இருக்கட்டும். ஏற்கெனவே எங்காவது பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடித்திருந்தால் அந்தக் கணக்குக்கான யுஏஎன் எண்ணும் வேண்டும். புரோக்கருக்கு ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம், ஆள் தேடும் ஊரில் ஆள் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

எந்த மாதிரி கம்பெனி என்பதுதான் பெரிய கேள்வி. இங்கே மூன்று வகை. ஏற்றுமதி கம்பெனி, உள்நாட்டு பனியன் ஜட்டி கம்பெனி, இந்த இரண்டுக்கும் வேலை எடுத்துச் செய்யும் ஜாப் வொர்க் யூனிட். ஏற்றுமதி கம்பெனிக்கு வெளிநாட்டு பையர்களின், அதாவது சரக்கு வாங்குகிறவர்களின், ஆட்கள் வந்து ஆடிட் பண்ணுவார்கள். அந்தப் பயத்திலாவது பிஎஃப், ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), கழிப்பறை, குடிநீர், ஓவர்டைம் கணக்கு ஓரளவு ஒழுங்காக இருக்கும். சம்பளம் பெரும்பாலும் பேங்கில் ஏறும். ஜாப் வொர்க் யூனிட்டில் சனிக்கிழமை கையில் காசு, பீஸ் ரேட்டில் கைவேகம் உள்ளவருக்கு வருமானமும் கூட. ஆனால் பிஎஃப் இருக்காது, ஆர்டர் இல்லையென்றால் ஷட்டரை இறக்கிவிட்டு "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். புதிதாக வரும் குடும்பத்துக்கு என் அபிப்ராயம்: இரண்டு பேரில் ஒருவராவது பிஎஃப், ஈஎஸ்ஐ உள்ள கம்பெனியில் இருக்க வேண்டும். கம்பெனி எவ்வளவு தருகிறது என்று பார்க்கும் முன்னால் அதைப் பாருங்கள்.

ஏற்றுமதியும் ஆடாத நாற்காலி இல்லை. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது, அமெரிக்க ஆர்டரையே நம்பியிருந்த கம்பெனிகளில் ஷிப்ட் குறைந்தது. அதற்கு முன்னால் 2011 ஜனவரியில், கழிவுநீரைச் சுத்தமாக மறுசுழற்சி செய்யவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயம் நின்றால் துணி இல்லை, துணி இல்லாமல் தையல் இல்லை. அப்போது குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பியவர்கள் பலர். நேர்காணலில் "உங்க பையர் எந்த நாடுங்க?" என்று கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். ஒரே நாட்டுக்கு மட்டும் அனுப்பும் கம்பெனியா, பல நாட்டுக்கு அனுப்புவதா என்று தெரிந்துகொள்வது நல்லது.

சேரும் முன் கேட்க வேண்டியது இன்னும் உண்டு. கம்பெனி ஆளாகவா, கான்ட்ராக்ட் ஆளாகவா? பல கம்பெனிகளில் ஒரு லைனையே கான்ட்ராக்டரிடம் விட்டிருப்பார்கள். சம்பளம் அவர் கையிலிருந்து வரும், அவர் கம்பியை நீட்டினால் இரண்டு வாரக் கூலி போச்சு. சம்பளம் ஷிப்ட் கணக்கா, பீஸ் கணக்கா? இங்கே ஒரு ஷிப்ட் என்பது காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை. ராத்திரி எட்டரை வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம், ஆனால் ஒன்றரை ஷிப்ட் கணக்கில் அது கிடைப்பதில்லை என்பதை மணி நேரத்தை வகுத்துப் பார்த்தாலே தெரியும். ஆடிட் கடுமையாக உள்ள கம்பெனிகளில் மட்டும் ஒழுங்காக வருகிறது. அடிப்படைக் கூலியை முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசி, வழக்கமாக நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் போடுகிறார்கள். உங்கள் வேலைக்கு இப்போது ஒப்பந்தக் கூலி என்ன என்று எந்தத் தொழிற்சங்க அலுவலகத்தில் கேட்டாலும் சொல்வார்கள். உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை.

பிடித்தம் பற்றி ஒரு கணக்கு. மாதம் 15,000 சம்பளம் என்றால் பிஎஃப் 12 சதவீதம், 1,800 ரூபாய். அதே அளவு கம்பெனியும் போட வேண்டும். ஈஎஸ்ஐ 0.75 சதவீதம், 113 ரூபாய். இதற்குக் கம்பெனி 3.25 சதவீதம் போடுகிறது. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு ஈஎஸ்ஐ உண்டு. "பிடித்தம் இல்லாம முழுசா கையில வேணும்" என்று கேட்டு வாங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்த 113 ரூபாய்க்குக் குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கிறது. வேலையில் அடிபட்டு வீட்டில் இருந்தால் முதல் மாதத்து ஆளுக்குக்கூடக் கூலியில் 90 சதவீதம் ஈஎஸ்ஐ தரும். சாதாரணக் காய்ச்சல், ஆபரேஷன் என்று லீவு போட்டால் 70 சதவீதம், அதற்கு ஆறு மாதக் கணக்கில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஓவர்லாக்கில் ஊசி நகத்தோடு இறங்குவது இங்கே சகஜம். ஆகவே சேர்ந்த வாரமே உங்கள் பெயருக்கு ஈஎஸ்ஐ எண் வந்துவிட்டதா என்று கேளுங்கள். பிஎஃப் பணம் ஏறுகிறதா என்பதைப் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாத ஆட்களும் இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே, பீஸ் கணக்கு என்றால் எத்தனை பீஸ். தினமும் ராத்திரி எழுதுங்கள். சனிக்கிழமை தகராறு வரும்போது நோட்டு வைத்திருப்பவனிடம் சூப்பர்வைசர் பேசும் விதமே வேறு. நான் அந்தப் பக்கம் நின்றவன் என்பதால் சொல்கிறேன்.

அட்வான்ஸ் வேண்டாம். நல்ல டெய்லர் என்று தெரிந்தால் இருபதாயிரம், முப்பதாயிரம் அட்வான்ஸ் தந்து பிடித்து வைப்பார்கள். வாங்கியவர், அடுத்த கம்பெனியில் கூலி கூட என்றாலும் போக முடியாது. அதேபோல மூன்று வருஷம் முடித்தால் மொத்தமாகத் தருகிறோம் என்று கிராமத்துப் பெண் பிள்ளைகளை நூல் மில்களுக்கு அழைத்துப்போன திட்டங்களின் கதை தெரிந்திருக்கும், சுமங்கலி திட்டம் என்றே பெயர். உங்கள் சொந்தத்தில் யாராவது சின்னப் பெண்ணை உங்களோடு அனுப்புகிறேன் என்றால், மாதாமாதம் அவள் கணக்கில் சம்பளம் ஏறும் இடத்துக்கு மட்டும் அனுப்புங்கள்.

இனி எப்போது, எப்படி வருவது. மொத்தமாகக் கிளம்ப வேண்டாம் என்பதுதான் என் பதில். நீங்கள் தனியாக வருவதையும் நான் சொல்லவில்லை. சம்பாதிக்கும் கை உங்கள் மனைவியுடையது. அம்மா இருப்பதால் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு, பொங்கல் முடிந்ததும் நீங்கள் இருவரும் வாருங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் கம்பெனி மாறுவார்கள், அதனால் அந்த நேரத்தில் எல்லா வாசலிலும் போர்டு தொங்கும். ஏப்ரல் வரை பிள்ளைகள் அங்கேயே பரீட்சை எழுதட்டும். அதற்குள் வேலை நிலைக்குமா, எந்தப் பகுதியில் வீடு எடுப்பது என்று தெரிந்துவிடும். ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளைகளும் அம்மாவும் வரலாம். அம்மா வருவதுதான் முக்கியம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வீட்டைக் கடைசியில் பாருங்கள், கம்பெனியை முதலில். ஊர்க்காரர் வீட்டிலோ, ஒரு மாத வாடகை அறையிலோ இருந்துகொண்டு வேலையில் சேருங்கள். மதுரை, தாராபுரம் வழியாக வரும்போது ஊரின் தெற்கு நுனியில் கோவில்வழியிலேயே பஸ் நின்றுவிடும். நீங்கள் சேரும் கம்பெனி வடக்கே பெருமாநல்லூர் ரோட்டில் இருந்தால், ஊர்க்காரர் இருக்கிறார் என்பதற்காகத் தெற்கே வீடு எடுத்தால் தினமும் ஊரையே குறுக்கே வெட்டிப் போக வேண்டும். காலை எட்டு மணிக்கு அவிநாசி ரோட்டிலோ அந்தப் பெருமாநல்லூர் ரோட்டிலோ ஒரு நாள் நின்று பாருங்கள், புரியும். நகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டியில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது ஒரு மிச்சம். அதைவிட, நிறைய கம்பெனிகள் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு வேன் விடுகின்றன. அவிநாசி, குன்னத்தூர், ஊத்துக்குளி, பல்லடம் பக்கம் எல்லாம் வேன் போகும். வேன் நிற்கும் ஒரு கிராமத்தில் வீடு எடுத்தால் வாடகை குறைவு, காற்று உண்டு, பள்ளிக்கூடம் நடந்துபோகும் தூரம். விவசாயம் பார்த்த குடும்பத்துக்கு நகரத்து லைன் வீட்டைவிட அது ஒத்துவரும்.

லைன் வீடு என்றால் ஒரு காம்பவுண்டுக்குள் வரிசையாக எட்டு, பத்து வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. கழிப்பறை பொதுவாக இருக்கும், அல்லது இரண்டு வீட்டுக்கு ஒன்று. வாடகையைக் கேட்பதற்கு முன் தண்ணீரைக் கேளுங்கள். நல்ல தண்ணி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை குடம் பிடிக்கலாம், உப்புத் தண்ணி மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார்கள். பவானி ஆற்றிலிருந்தும் காவிரியிலிருந்தும் குழாயில் தண்ணீர் வருகிற ஊர்தான் இது. ஆனாலும் தெருவுக்குத் தினம் வராது. போர் தண்ணி பல இடங்களில் வாயில் வைக்க முடியாத உப்பு, சோறு வைத்தால் மஞ்சளாகும். ஒரு பெரிய டிரம்மும் நாலு குடமும் முதல் வாரமே வாங்க வேண்டிய சாமான். தண்ணீர் வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும், அதுவும் அம்மா வர வேண்டியதற்கு ஒரு காரணம்.

கரண்ட் பில் அடுத்தது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். லைன் வீட்டில் தனி மீட்டர் இல்லாமல், வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் கணக்கில் வசூலிப்பார். அது எவ்வளவு என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் விஷயத்தில், தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி தனியாக ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பல காம்பவுண்டுகளில் எழுத்தும் இல்லை ஒன்றும் இல்லை. குறைந்தபட்சம் அட்வான்ஸ் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள், இல்லாவிட்டால் பேங்க் வழியாக அனுப்புங்கள்.

வீடு கேட்கப் போகும்போது "எந்த ஊருங்க? எத்தனை பேருங்க? என்ன வேலைங்க?" என்பார்கள். அடுத்து, "நீங்க என்ன ஆளுங்க?" என்று சாதியும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மறைத்துச் சொல்லி வீடு பிடிக்க வேண்டாம், தெரிந்தபின் பிள்ளைகளுக்குத்தான் சங்கடம். அந்த வாசலை விட்டு அடுத்த காம்பவுண்டுக்குப் போங்கள். தெற்கத்தி ஆட்கள், டெல்டாக்காரர்கள், பீகார், ஒடிசாக்காரர்கள் எல்லாம் கலந்து இருக்கும் காம்பவுண்டுகள் ஊர் முழுக்க இருக்கின்றன. அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. வடக்கிலிருந்து வந்தவர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது எதுவாக இருந்தாலும், ஒரே லைனில் நாலு நாள் உட்கார்ந்து வேலை பார்த்தபின் பேசுங்கள். 2023 மார்ச்சில் போலி வீடியோ பரவி அவர்கள் பயந்து ரயில் ஏறியபோது, எங்கள் லைனே பாதி காலியாகி, மற்றவர்கள் எல்லோரும் ஷிப்ட் மேல் ஷிப்ட் பார்க்க வேண்டியதாயிற்று.

கேஸ் இணைப்பு மாற்றும் வரை ஐந்து கிலோ சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமலே கிடைக்கும். ரேஷனுக்கு, கைரேகை வைத்து வேறு ஊர்க் கடையிலும் வாங்கலாம். இங்கேயே இருப்பது உறுதியான பிறகு ஸ்மார்ட் கார்டில் முகவரி மாற்றினால் போதும். ஆதாரிலும் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், லைன் வீடு வருஷத்துக்கு ஒன்றாக மாறும்.

பள்ளிக்கூடம். அரசுப் பள்ளியில் சேர்க்க எந்தத் தடையும் இல்லை. எட்டாம் வகுப்பு வரை டிசி வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம். ஆனாலும் ஊரிலிருந்து வரும்போதே டிசி, இருந்தால் சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாம் வாங்கி வந்துவிடுங்கள். பிறகு அதற்கென்று ஒரு நாள் கூலியை விட்டுப் பரமக்குடி போக வேண்டிவரும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடும் பள்ளியிலேயே கிடைக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மதியம் மட்டும். எட்டு மணிக்கு வேன் ஏற வேண்டிய உங்கள் மனைவிக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று வந்தபின் தெரியும்.

பெரிய ஓட்டை சாயங்காலம்தான். பள்ளி நாலு, நாலேகாலுக்கு விடும். ஷிப்ட் ஐந்தரைக்கு. ஒன்றரை ஷிப்ட் என்றால் எட்டரைக்கு முடிந்து வீடு வர ஒன்பது. தீபாவளிக்கு முன்னால் சரக்கு அனுப்பும் அவசரத்தில் வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட்தான். அந்த நாலைந்து மணி நேரம் பூட்டிய வீட்டு வாசலில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைக் காம்பவுண்டு காம்பவுண்டாகப் பார்க்கலாம். போன் கையில், தின்பண்டப் பாக்கெட் மடியில். பெரியவன் எட்டாவது முடிந்ததும் "நானும் கம்பெனிக்கு வரேன்" என்று நிற்பது இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. அம்மா வந்தால் பிரச்சினை இல்லை. அவர் வரமாட்டேன் என்றால், உங்கள் இருவரில் ஒருவர் ஐந்தரைக்கு மேல் இருக்கக் கூடாது என்று வேலைக்குச் சேரும் அன்றே சொல்லிவிடுங்கள். முதலிலேயே சொன்னால் ஒத்துக்கொள்கிற கம்பெனிகள் இருக்கின்றன. நடுவில் சொன்னால் முகம் சுளிப்பார்கள். யார் அந்த ஒருவர் என்பதில், சம்பளம் கூட வாங்குகிறவர் ஓவர்டைம் பார்க்கட்டும், மற்றவர் வீட்டுக்கு வரட்டும். கணக்கு அதைத்தான் சொல்கிறது, ஆண் பெண் பார்க்க வேண்டாம்.

பணம் பற்றி. வாரச் சம்பளக் கம்பெனி என்றால் சனிக்கிழமை சாயங்காலம் கவர் கைக்கு வரும். அன்றைக்கு ஊரே தெருவில் இருக்கும். பிரியாணிக் கடை, துணிக்கடை, டாஸ்மாக், தவணைக்குப் போன் விற்பவன், வாராவாரம் வட்டி வசூலிக்க காம்பவுண்டு வாசலில் பைக்கை நிறுத்தியிருப்பவன் என்று எல்லோருக்கும் உங்கள் கவர் மேல்தான் கண். வாரச் சம்பளத்தில் மாத வாடகை கட்டுவது பழகாதவர்களுக்குக் கஷ்டம். கவரைப் பிரித்ததும் வாடகையில் நாலில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்ற செலவு. உங்கள் நாற்பதாயிரத்தில் வீட்டு அட்வான்ஸுக்கும் பாத்திரம் பண்டத்துக்கும் போக, ஒரு மாதச் சாப்பாட்டுக்கானதைத் தொடாமல் வைத்திருங்கள். முதல் வாரக் கூலியைப் பல இடங்களில் நிறுத்தி வைத்து அடுத்த வாரம்தான் தருவார்கள்.

தீபாவளி போனஸ் பற்றி எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். வருஷத்தில் முப்பது நாளாவது வேலை பார்த்தவருக்கு, வாங்கிய சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம் என்பது சட்டம். ஜனவரியில் சேர்ந்தவர் செப்டம்பரில் கோபித்துக்கொண்டு வெளியே போனால் அதை வாங்க அலைய வேண்டிவரும். தீபாவளிக்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாள் கம்பெனிகள் மூடியிருக்கும், அந்த நாளுக்குக் கூலி கிடையாது. போனஸில் பாதி அந்த இடைவெளிக்கும் பஸ் செலவுக்கும் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பற்றி ஒன்று, முக்கியமாக உங்கள் மனைவிக்கு. கழிப்பறைக்குப் போனால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் அதிகம். சேரும் முன் கழிப்பறை எங்கே, எப்படி இருக்கிறது என்று அவர் கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும். ஒரு கம்பெனியின் லட்சணம் ஆபீஸ் ரூமில் தெரியாது, அங்கேதான் தெரியும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பெண்களின் புகாரை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும். அதில் யார் யார் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்களா என்றும் பார்க்கட்டும்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, அந்த ஊர்க்காரரிடம் போன் பண்ணி நாலு விஷயம் கேட்பது. அவர் எந்தக் கம்பெனி, அது எந்த ரோட்டில்? அவருக்கு பிஎஃப், ஈஎஸ்ஐ பிடிக்கிறார்களா? நம்மைச் சேர்த்துவிடப்போவது கம்பெனியிலா, அவருக்குத் தெரிந்த கான்ட்ராக்டரிடமா? ஆள் கொண்டுவந்தால் அவருக்கு ஏதாவது கமிஷன் உண்டா? கடைசிக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேளுங்கள். பல கம்பெனிகளில் அப்படித் தருகிறார்கள், அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அவர் சொல்வதில் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். ரோடு எது என்று தெரிந்தால், எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம், அங்கே தண்ணீர் எப்படி என்று சொல்கிறேன்.